பாதுகை ஓர்க்கிட்டும் அதன் வளர்ப்பூடகமும்

செடி ஒன்றைச் சாடியில் நடுவோர் பெரும்பாலும் செடியையே நோக்குவர். சாடியுள் இடும் பொருளை நோக்குவோர் சிலரே. தோட்டத்து மண்ணில் நிற்கும் செடி தனக்கு வேண்டிய நீரையும் காற்றையும் தேடி நாற்றிசையும் வேரோட்ட வல்லது. சாடியில் நிற்கும் செடிக்கு அவ்வுரிமை இல்லை. ஒரு சாண் அகலமுள்ள மட்கலமே அதற்கு உலகம். அவ்வுலகை ஆக்கித் தருபவன் வளர்ப்பவன்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். அவற்றை ஒட்டித் தோன்றும் மரம், பூ, விலங்கு முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். அகப்பொருட் செய்யுளுக்காக வகுக்கப்பட்ட அப்பாகுபாடு தோட்டக்காரனுக்கும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. சாடியில் நடுபவன் முதற்பொருள் இரண்டனுள் நிலத்தைத் தானே செய்துகொள்கின்றான். பொழுதைச் செய்தலோ அவனால் இயலாது. மழையும் வெயிலும் பனியும் அவன் ஏவல் கேளா. ஆகவே அவன் செய்யும் நிலம், அவன் ஊரிலே நிகழும் பொழுதுக்கு இயைந்ததாதல் வேண்டும். பாதுகை ஓர்க்கிட்டின் வளர்ப்பூடகம் பற்றிக் கூறவேண்டுவன அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவே எனலாம்.

செடியின் இயல்பு

இப்பூவின் இதழ்களுள் ஒன்று, முன்புறம் மூடிய பாதுகையின் வடிவினதாய்க் குழிந்திருக்கும். அக்குழியுள் வீழும் பூச்சி வந்த வழியே மீள்வது அரிது. பின்புறமுள்ள இடுக்கு வழியாகவே அது வெளியேறும். அவ்வாறு வெளியேறுங்கால் சூலகமுடியையும் மகரந்தத்தையும் உராய்ந்து செல்லும். 1886ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலார் பிட்சர் என்பார் ஆசியப் பாதுகை ஓர்க்கிட்டுகளைப் பாபியோபெடிலம் என்னும் சாதியாக வகுத்தார். சைப்பிரசுத் தீவிலே கிரேக்கரின் காதற்றெய்வத்துக்கு உரிய பாபோசு என்னும் நகரின் பெயரும், பாதுகையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இணைந்து அப்பெயர் ஆயிற்று.

இலங்கையில் இயற்கையாக வளரும் ஓர்க்கிட் இனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. ஆயினும் பாதுகை ஓர்க்கிட் ஒன்றேனும் இத்தீவுக்கு உரியதன்று. எமக்கு அண்மையில் உள்ளது தென்னிந்தியாவிற்கே உரிய தனியினமாகிய பாபியோபெடிலம் ட்ரூரியை என்பதாகும். அகத்தியரோடு தொடர்புபடுத்தித் தமிழ்மரபு போற்றும் பொதிகை மலைப்பகுதியே அதன் பிறப்பிடம். 1865ஆம் ஆண்டளவில் கேணல் ஹீபர் ட்ரூரி அதனைக் கண்டெடுத்தார். 1874இல் பெடோம் அதனை நூலில் விவரித்து, கண்டவர் பெயராலேயே வழங்கினார். மஞ்சள் இதழின் நடுவே கபிலநிறக் கோடு ஓடும் அழகிய பூ அது. ஏறத்தாழ 1400 முதல் 1600 மீற்றர் வரை உயரமான மலைச்சரிவுகளிலே, புல்லிடையும் பாறையிடையும் அது வளர்கின்றது.

தென்றிசை ஆசியக் காடுகளிலே வளரும் பிற இனங்களும் பெரும்பாலும் இத்தன்மையனவே. சில சுண்ணக்கற் பாறைகளின் வெடிப்புகளிலும், சில காட்டுத்தரையின் இலைச்சருகு மெத்தையிலும், மிகச் சில மரக்கிளைகளிலும் வாழ்கின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான இரண்டு இயல்புகளை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, டென்றோபியம் முதலியவற்றுக்கு உள்ளது போன்று நீரைச் சேமித்து வைக்கும் பருத்த தண்டு இவற்றுக்கு இல்லை. ஆதலால் வேர் முற்றாக உலர்ந்துவிடின் செடி வாடும். இரண்டாவது, வேர்கள் எண்ணிக்கையிற் சில; தடித்தவை; மயிர் அடர்ந்தவை; ஒடிந்தால் எளிதிற் கிளைப்பன அல்ல. ஆதலால் நீர் தேங்கி அவை அழுகிவிடின் செடி மீளுதல் அரிது.

இரு தவறான வழிகள்

வத்தேகம, பன்வில, கண்டி ஆகிய இடங்களில் மலர்ச்செடி வளர்க்காத வீடு அருமை. அவ்வீடுகளில் இருவகைப் பழக்கம் வேரூன்றியுள்ளது. டென்றோபியத்தைக் கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் மட்டும் இட்ட சாடியில் வளர்ப்பர்; உரோசா முதலியவற்றை மண்ணும் சாணமும் கலந்த சாடியில் வளர்ப்பர். புதிதாகக் கிடைத்த பாதுகை ஓர்க்கிட்டை இவ்விரண்டனுள் ஒன்றிலே நட்டுவிடுதல் இயல்பு. முன்னைய சாடியில் மாசி, பங்குனி வெயிலிலே அது நீரின்றி வாடும். பின்னைய சாடியில் ஐப்பசி, கார்த்திகை மழையிலே அது வேரழுகி மடியும். “இச்செடி எமது ஊருக்கு ஒவ்வாது” என்னும் முடிவு இதனாற் பிறக்கின்றது. ஒவ்வாதது ஊர் அன்று, ஊடகமே.

பாதுகை ஓர்க்கிட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதற்கு வேண்டுவது எந்நேரமும் ஈரம், எந்நேரமும் காற்று. ஒன்றையொன்று விலக்குவனபோலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒருசேர வழங்குதலே ஊடகத்தின் தொழில்.

நீரும் காற்றும்

வேரும் உயிருள்ள உறுப்பு, அதுவும் சுவாசிக்கின்றது. சுவாசத்துக்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் காற்றில் பரவுவதனோடு ஒப்பிடுமிடத்து நீரில் பரவுவது ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவானது. ஊடகத்தின் துளைகள் யாவும் நீரால் நிறைந்துவிட்டால், வேரானது நீருள் மூழ்கியவனைப் போன்று மூச்சின்றித் தவிக்கும். அந்நிலையில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் நுழைகின்றன. நீர் மிகுந்தமையால் வேர் அழுகியது என்று நாம் சொல்வது, உண்மையில் காற்றுக் குறைந்தமையால் அழுகியது என்றே பொருள்படும்.

இனி, சாடியின் அடியிலே துளை இருப்பின் நீரெல்லாம் வடிந்துவிடும் எனப் பலர் கருதுவர். அது முற்றும் உண்மையன்று. தடித்த ஸ்பொஞ்சுத் துண்டு ஒன்றை நீரில் நன்கு தோய்த்துத் தட்டையாகப் பிடித்தால் ஓரளவு நீர் சொட்டிப் பின் நின்றுவிடும். அதனை அப்படியே நிமிர்த்தி நெடுக்காகப் பிடித்தால் மேலும் நீர் சொட்டும். நுண்டுளைகள் நீரைப் பற்றும் விசையே இதற்குக் காரணம். அவ்விசையினால் ஒவ்வொரு சாடியின் அடியிலும் குறிப்பிட்ட தடிப்புள்ள ஓர் ஈரப்படை எஞ்சிநிற்கும். துகள்கள் நுண்ணியனவாயின் அப்படை தடிக்கும், பருமனாயின் மெலியும். நுண்மண்ணின் கீழே கல்லைப் பரப்புவதனால் அப்படை ஒழிவதில்லை. கல்லுக்கு மேலே அது ஏறிநிற்கும்; அவ்வளவே. எனவே வடிகால் என்பது சாடியின் துளையால் மட்டும் அமைவதன்று. ஊடகத் துகளின் பருமனாலேயே பெரிதும் அமைவது.

பொருள்களின் ஆராய்ச்சி

ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பன்னத்தின் வேர்நாரையும் நீர்ப்பாசியையும் பயன்படுத்தினர். ஒசுமுண்டா என்னும் பன்னத்தின் வேர்த்திரள் நெடுங்காலம் சிறந்த ஊடகமாக மதிக்கப்பட்டது. அது அருகவே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கர் ஊசியிலை மரங்களின் பட்டைத்துண்டுகளை நாடினர். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் நாட்டில் எளிதிற் கிடைத்ததையே சிறந்ததென நூலில் எழுதினர் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். அந்நூல்களைப் படிக்கும் நாம் பொருளின் பெயரை மனனம் செய்தல் போதாது. அப்பொருள் ஆற்றிய தொழிலையே ஆராய்தல் வேண்டும்.

இலைமட்கு: காட்டிலே இச்செடி இலைச்சருகில் வளர்வதால் சாடியிலும் அதுவே ஏற்றதெனத் தோன்றும். காட்டிலோ சருகுப்படை மெல்லியது. ஆண்டுதோறும் மேலிருந்து புதுச்சருகு வீழ்கின்றது. புழுபூச்சிகள் அதனைக் கிளறுகின்றன. மழைநீர் சரிவிலே ஓடிவிடுகின்றது. சாடியில் இவற்றுள் ஒன்றும் நிகழ்வதில்லை. மட்கு சில மாதங்களில் உக்கிச் சேறாகும். இயற்கையைப் பின்பற்றுதல் என்பது அதன் பொருளை எடுத்துவருதல் அன்று. அதன் செயலை மீண்டும் நிகழச்செய்தலே.

கரி: சிரட்டைக்கரியும் மரக்கரியும் எளிதில் உக்குவன அல்ல, இலேசானவை, இடையிடையே காற்றுவெளி அமைப்பன. ஆயினும் தனித்து நின்று போதிய ஈரத்தைப் பேணமாட்டா. உரத்தின் உப்பு நாளடைவில் அவற்றிற் படிதலும் உண்டு.

செங்கல், ஓடு: நன்கு சுட்ட செங்கல்லின் துண்டும் பழைய கூரையோட்டின் துண்டும் தம்முள் சிறிது நீரை ஏற்று மெல்ல விடுவன, உக்காதன, சாடி சாயாமல் நிற்கப் பாரமும் தருவன. அரைகுறையாகச் சுட்ட கல் மழையிற் கரைந்து களியாகும், அதனை விலக்குக.

பைன் மரப்பட்டை: மலைநாட்டிலே கரிபியன் பைன் மரங்கள் பரவலாக நாட்டப்பட்டுள்ளன. அவற்றின் முதிர்ந்த பட்டை நல்ல ஊடகமே. ஆனால் அரச வனங்களில் உரிமையின்றி எடுத்தல் ஆகாது. மரம் அரியும் ஆலைகளிற் கழிவாக ஒதுக்கப்படுவதைப் பெறுதல் முறை.

தேங்காய்ப் பொச்சு: எமக்கு மிக எளிதிற் கிடைப்பது இதுவே. மட்டையைச் சதுரத் துண்டுகளாக வெட்டினால், துண்டினுள் ஈரமும் துண்டுகளுக்கிடையே காற்றும் நிற்கும். நாம் தேடிய இரண்டும் ஒன்றிலேயே அமைந்துள்ளன. ஆயினும் பச்சையாக இடுதல் தீது. பொச்சிலே பொற்றாசியமும் சோடியமும் குளோரைட்டும் மிகுதி. கடலோரத் தென்னைகளிலும் உவர்நீரில் ஊறிய மட்டைகளிலும் உப்பு மேலும் கூடும். ஆதலால் துண்டுகளை நன்னீரில் ஒருநாள் முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, இவ்வாறு மும்முறை செய்தல் வேண்டும். பொச்சின் மேற்பரப்பிற் பற்றியுள்ள சோடியம் வெறுநீரால் முற்றும் நீங்காது. சிறிதளவு கல்சியம் நைத்திரேற்றுக் கரைத்த நீரில் இறுதியாக ஊறவைத்துக் கழுவினால், கல்சியம் அவ்விடத்தைக் கொண்டு சோடியத்தை வெளியேற்றும். தும்புத்தூள் நுண்ணியதாகையால் நீரை மிகப் பற்றும். அதனை அரித்து நீக்குக.

பொழுதுக்கு ஏற்ற கலவை

வத்தேகம கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ளது. நுவரெலியாவின் குளிரும் இல்லை. யாழ்ப்பாணத்தின் வறட்சியும் இல்லை. வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்றின் மழை. ஐப்பசி, கார்த்திகையில் மாலைதோறும் இடியுடன் பெருமழை. மார்கழியில் வடகீழ்ப் பருவத்தின் தூறல். தை நடுவிலிருந்து பங்குனிவரை உலர்காலம். வெப்பம் பத்துப் பாகை செல்சியசு உயருந்தோறும் உக்கும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. குளிர்நாட்டில் இரண்டு, மூன்று ஆண்டு நிலைக்கும் பட்டை எம்மிடத்தில் அத்துணைக் காலம் நில்லாது என்பது இதனால் விளங்கும்.

இவ்வூர்ப் பொழுதுக்குத் தொடக்கமாகக் கொள்ளத்தக்க கலவை ஒன்று கூறுவோம். அரை அங்குல அளவில் வெட்டிக் கழுவிய பொச்சுத் துண்டு ஐந்து பங்கு. அதேயளவு கரி இரண்டு பங்கு. செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு இரண்டு பங்கு. சிறு கருங்கற் சல்லி ஒரு பங்கு. இளநாற்றுகளுக்குத் துண்டின் அளவைப் பாதியாக்குக. இக்கலவை மாற்றொணாத விதியன்று. மழை நேரே விழும் முற்றத்திலே சாடி இருப்பின் பொச்சைக் குறைத்துக் கரியையும் கல்லையும் கூட்டுக. கூரையின் கீழ் வைத்துத் தாமே நீர் ஊற்றுவோர் பொச்சைக் கூட்டலாம். நாள்தோறும் நீர் ஊற்றும் கையினர்க்குப் பருமனான கலவையும், வார இறுதியில் மட்டும் வீடு திரும்பும் ஆசிரியர்க்கு ஈரம் மிகுந்த கலவையும் பொருந்தும். சுருங்கக் கூறின், ஊடகம் செடிக்கு மட்டுமன்றி ஊற்றும் கைக்கும் ஏற்றதாதல் வேண்டும்.

மட்சாடி சுவர் வழியாகவும் உலர்வது. பிளாத்திக்குச் சாடி அவ்வாறன்று. ஆகவே பிளாத்திக்கில் நடுவோர் கலவையை மேலும் பருமனாக்கல் நன்று. ட்ரூரியை போன்று கிடைத்தண்டு நீண்டு படரும் இனங்களுக்கு ஆழமான சாடியினும் அகன்ற தட்டே பொருந்தும்.

சுண்ணக்கற் பாறையிற் பிறந்த நிவியம், கொன்கொலர், பெலாற்றுலம் முதலிய இனங்களுக்குக் கல்சியம் மிகுதியாக வேண்டும். வத்தேகமவுக்கு அண்மையிலுள்ள திகனப் பகுதியின் டொலமைற்றுக்கல் தேயிலைத் தோட்டத்தார் நன்கறிந்தது. கல்சியமும் மகனீசியமும் செறிந்த அக்கல்லின் சிறுதுண்டுகள் சிலவற்றைச் சல்லிக்குப் பதிலாகச் சேர்த்தல் அவ்வினங்களுக்கு நலம் பயக்கும். ஏனையவை மென்மையான அமிலத்தன்மையையே விரும்புவன. அவற்றுக்கு அது மிகுதல் ஆகாது.

மாணவர் செய்து பார்க்கத்தக்க சோதனை

ஊடகத்திற் காற்றுவெளி எவ்வளவு என்பதை விஞ்ஞானக்கூடத்துக் கருவி பெரிதும் இன்றியே அளந்தறியலாம். துளைகளை அடைத்த சாடியில் விளிம்புவரை நீர் ஊற்றி, அந்நீரை அளந்து சாடியின் கொள்ளளவைக் காண்க. பின்னர் முன்னாளே ஊறவைத்த ஊடகத்தை அச்சாடியில் நிரப்பி, மேற்பரப்பில் நீர் தோன்றுமட்டும் மெல்ல ஊற்றுக. அடைப்பை நீக்கி, வடியும் நீர் முழுவதையும் ஏந்தி அளக்க. வடிந்த நீர் நின்ற இடமே இனிக் காற்று நிற்கும் இடம். கொள்ளளவு 1000 மில்லிலீற்றராகவும் வடிந்தது 300 மில்லிலீற்றராகவும் இருப்பின் காற்றுவெளி நூற்றுக்கு 30 ஆகும். சாதாரண நாற்றுச்சாடிக் கலவையில் இது பெரும்பாலும் 10 முதல் 20 வரை. பாதுகை ஓர்க்கிட்டுக்கு 30இற் குறையாதிருத்தல் நன்று என்பது எம் கருத்து.

இரண்டாவது சோதனை இதனினும் எளிது. நீர் வடிந்த சாடியை நிறுத்து, நாள்தோறும் அதே வேளையில் மீண்டும் நிறுத்து, எடைக்குறைவை வரைபில் இடுக. உலர்காலத்தில் ஒரு வரைபும் மழைக்காலத்தில் ஒரு வரைபும் வரைந்தால், நீர் ஊற்றவேண்டிய இடைவெளி நூலின்றியே விளங்கும். பிறநாட்டு நூல் கூறும் “வாரம் ஒருமுறை” என்பதிலும் தம் கையால் வரைந்த இவ்வரைபு மாணவர்க்கு உற்ற வழிகாட்டியாகும்.

எத்துணைச் சிறந்த ஊடகமும் உக்கும். உக்கிய துகள் நுண்ணிதாகிக் காற்றுவெளியை அடைக்கும். ஆதலால் ஆண்டுக்கொரு முறை, பூத்தல் முடிந்தபின், ஊடகத்தை முழுவதும் மாற்றுதல் எம் காலநிலைக்கு ஏற்றது. அழுகிய வேரை அகற்றி, உயிர்வேர் ஒடியாது காத்து, செடியின் அடிப்பகுதி ஊடகத்தின் மேல்மட்டத்துக்குச் சற்றே கீழாக அமையுமாறு நடுக.

எடுக்கலாகாத பொருள்கள்

இரு பொருள்களை இறுதியாகக் கூறவேண்டும். மரப்பன்னத்தின் தண்டுநாரும், மலைக்காட்டுப் பாசியும் ஊடகமாகச் சிறந்தவையே என்பதில் ஐயமில்லை. வத்தேகமவிலிருந்து கிழக்கே நோக்கினால் தோன்றும் நக்கிள்ஸ் மலைத்தொடரிலே அவை உள்ளன. அதனாலேயே அவற்றை நாடும் ஆசை எழுகின்றது. மரப்பன்னம் மிக மெதுவாக வளர்வது. ஒரு தண்டை வெட்டிச் சில சாடிகளை நிரப்புவோர், பல்லாண்டு வளர்ச்சியை ஒரு பகலில் அழிக்கின்றனர். பாசியோ மலைச்சரிவின் ஈரத்தைத் தாங்கி ஓடைகளுக்கு மெல்ல விடுவது. காட்டு ஓர்க்கிட்டுகளின் விதைகள் பல முளைக்கும் தொட்டிலும் அதுவே. 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது நக்கிள்ஸ் காடும் அதனுள் அடங்கிற்று. தேங்காய்ப் பொச்சு எம் கொல்லையிலே எறியப்பட்டுக் கிடக்க, அம்மலையைச் சுரண்டுதற்கு நியாயம் ஏதும் இல்லை.

பொதிகையின் ட்ரூரியைக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூர்தல் தகும். பூவின் அழகே அதற்குப் பகையாயிற்று. செடி சேர்ப்போரும் வணிகரும் மலையிலிருந்து பெயர்த்தெடுத்ததாலும், புல்வெளியில் மூண்ட தீயாலும் அது அருகி, ஒரு காலத்தில் இயற்கையில் அழிந்தேபோயிற்று என அறிஞர் கருதினர். 1970களில் மீண்டும் காணப்பட்டது; எனினும் இன்றும் மிக மோசமாக அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றது. பாபியோபெடிலம் இனங்கள் அனைத்தையும் பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையிற் சேர்க்க 1989இல் முடிவு செய்யப்பட்டது. ஆகவே செடி வாங்குவோர், கண்ணாடிக் குடுவையிலே விதையிலிருந்து வளர்க்கப்பட்ட நாற்றையே, உரிய சான்றுடன் வாங்குதல் கடன்.

மலையிலிருந்து பெயர்க்கப்பட்ட அச்செடிகளுட் பல, அழகாகப் பூத்து முதுமையடைந்து மடிந்தன அல்ல. பொருந்தாத சாடிகளிலே வேரழுகி மடிந்தன. அவற்றின் இடத்தை நிரப்ப மேலும் செடிகள் பெயர்க்கப்பட்டன. வளர்ப்பவனின் அறியாமை இவ்வாறு காட்டின் இழப்பாய் முடிந்தது. சாடியுள் இடும் பொருளை ஆராய்ந்து தேர்தல் வீண்வேலை அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. கழுவிய பொச்சும், கரியும், உடைந்த ஓடும் ஏழை மாணவன் வீட்டிலும் உள. அவற்றை அளந்து கலக்கும் அறிவும், நாள்தோறும் எடைபார்க்கும் பொறுமையும் சேருமாயின், நம் ஊரின் மழையிலும் வெயிலிலும் அப்பாதுகைப்பூ மலரக் காணலாம்.